கொன்றை எந்தப் பருவத்துப் பூ? சங்கப் பாடல்களில் பூவும் பொழுதும் பிரிவும்

கேரளத்தில் விஷுவன்று விடியலின் முதல் காட்சியாகக் கணி காண்பதற்கு வைக்கும் பூ கொன்றை. மலையாளத்தில் அதற்குக் கணிக்கொன்னை என்று பெயர். சித்திரை முதல் நாளை ஒட்டி மரம் முழுக்கப் பூத்திருக்க வேண்டிய இந்தப் பூ, மாசியிலும் பங்குனியிலுமே பூத்துத் தீர்ந்துவிடுகிறது என்ற செய்தி அண்மை ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்குக் கூடுதலாக இன்னொரு குழப்பமும் உண்டு. பள்ளியில் படித்த சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ. இலக்கணப்படி கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். தெருவோரத்தில் நாம் காணும் சரக்கொன்றையோ சித்திரை, வைகாசி வெயிலில் பொன்னாய்த் தொங்குகிறது. புலவர்கள் பிழை செய்தார்களா, மரம் மாறிவிட்டதா, பருவமே இடம் பெயர்ந்துவிட்டதா?

இதற்கு விடை தேடினால் அது பெரிய கேள்வி ஒன்றில் கொண்டுபோய் விடும். பூ ஏன் ஏக்கத்துக்கும் காலம் கழிவதற்கும் அடையாளமாயிற்று? "பூ அழகானது, சீக்கிரம் வாடிவிடுவது, வாழ்க்கையும் அப்படித்தான்" என்று பலரும் விடை சொல்வார்கள். உலகின் பல இலக்கியங்களுக்கு இந்த விடை பொருந்தும். சங்க அகப்பாடல்களுக்குப் பொருந்தாது. அங்கே பூ வாடுவதால் துயரம் பிறப்பதில்லை. பூ தன் நாளில் தவறாமல் வந்துவிடுவதால் பிறக்கிறது.

அடிப்படைச் சொற்கள்

அகப்பாடலின் அமைப்பைத் தொல்காப்பியம் மூன்று பொருள்களாகப் பிரிக்கிறது.

1. முதற்பொருள்: நிலமும் பொழுதும். "முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு" என்பது நூற்பா. உணர்ச்சி இங்கே முதலில் வரவில்லை. எங்கே, எப்போது என்ற இரண்டும்தான் முதல்.

2. கருப்பொருள்: அந்த நிலத்தில், அந்தப் பொழுதில் இருப்பவை. விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் இதில் அடங்கும். பூவின் இடமும் இதுவே.

3. உரிப்பொருள்: மனிதருக்கு நேர்வது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என ஐந்து.

பொழுதும் இரு வகை. ஆண்டை ஆறாகப் பகுத்தது பெரும்பொழுது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒரு நாளைப் பகுத்தது சிறுபொழுது: மாலை, யாமம், வைகறை, நண்பகல், எற்பாடு முதலியவை. முல்லைத் திணைக்குக் காரும் மாலையும் உரியவை. நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். பாலைக்கு வேனிலும் நண்பகலும்.

இந்த அமைப்பில் பூவின் வேலை என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். பருவம் கண்ணுக்குத் தெரியாது. ஆவணி என்று வானத்தில் எழுதியிருப்பதில்லை. முற்றத்து முல்லை அரும்பும்போதுதான் பருவம் காணக்கூடிய பொருளாகிறது. முதற்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் நடுவே நின்று, "பொழுது வந்துவிட்டது" என்று மனிதருக்குச் சொல்லும் சாட்சி பூ.

பூவுக்கு நாள் எப்படித் தெரிகிறது?

செடிகொடிகள் பூப்பது, தளிர்ப்பது, பறவைகள் வலசை வருவது போன்ற பருவ நிகழ்வுகளைப் பதிந்து ஆராயும் துறைக்கு ஃபீனாலஜி என்று பெயர். அந்தத் துறை சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. இரவின் நீளம். செவ்வந்தி போன்ற செடிகள் இரவு நீளும்போது மொட்டு விடுகின்றன. விவசாயிகள் இரவில் விளக்கெரித்து அவற்றின் பூப்பைத் தள்ளிப்போடுவது இதனால்தான்.

2. வெப்பமும் வறட்சியும். கொன்றை, புங்கம், வேம்பு போன்ற மரங்கள் வறண்ட காலத்தில் இலை உதிர்த்து, வெயில் ஏறும்போது பூக்கின்றன. வெயில் முந்தினால் பூவும் முந்தும்.

3. மழை. காப்பிச் செடியின் மொட்டு வறட்சியில் உறங்கிக் கிடக்கும். கோடை மழை ஒன்று பெய்தால் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே வெண்மையாகிவிடும்.

4. நாளின் பொழுது. முல்லை அந்தியில் விரிகிறது. வெண்ணிறமும் வாசனையும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. நீலநிற நெய்தல் காலையில் விரிந்து, பொழுது சாயும்போது குவிகிறது.

5. ஆண்டுக் கணக்கு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே வளர்ந்து, ஒரு முறை பூத்து, விதை தந்து மடிகிறது.

இந்த ஐந்தில் எதுவும் மனிதர் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. பாடல்களின் வலிமை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூ என்னும் தவணை

பொருள் தேடவோ போருக்கோ போகும் தலைவன், திரும்பும் நாளைத் தேதியாகச் சொல்வதில்லை. "கார் தொடங்கும்போது வருவேன்", "இளவேனில் வரும்போது வந்துவிடுவேன்" என்று பருவத்தால் சொல்கிறான். ஆகவே அந்தப் பருவத்தின் பூ, அவன் கொடுத்த வாக்கின் தவணை ஆகிவிடுகிறது. பூ மலர்ந்த அன்று தவணை முடிகிறது. ஊரார் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். தலைவி தன் துயரை மறைக்கலாம். பூத்த கொன்றையை மறைக்க முடியாது.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்று ஒன்று இருக்கிறது. 341 முதல் 350 வரை பத்துப் பாடல்கள். பத்தும் ஒரே அடியில் தொடங்குகின்றன:

"அவரோ வாரார்; தான்வந் தன்றே."

அவர் வரவில்லை, அது வந்துவிட்டது. 'அது' என்பது இளவேனில். வந்ததற்குச் சான்றாக ஒவ்வொரு பாட்டும் ஒன்றைக் காட்டுகிறது. முதல் பாட்டில் குயிலின் குரல். அடுத்து நுணவம் மணக்கிறது, கோங்கின் முகை உடைகிறது. குரவம், அதிரல், பாதிரி, புங்கு, மராஅம் என்று வரிசை நீள்கிறது. ஒன்பதாம் பாட்டில் மாமரத்தில் தீ நிறத் தளிர். பத்தாவதில் வேப்பம்பூ உதிர்கிறது. அதுதான் அவர் தேன் போன்ற சொற்களால் "வருவேன்" என்று தெளிவித்த பொழுது.

தமிழில் ஏக்கத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன அடி வேறொன்று உண்டா என்று எனக்கு ஐயம்தான். 'வாரார்', 'வந்தன்று' என்ற இரண்டு வினைகள். நடுவில் ஒரு பெண். அவள் அழுததாகவோ மெலிந்ததாகவோ இந்த அடியில் ஒன்றும் இல்லை. வரவேண்டியவை இரண்டு, ஒன்று வந்துவிட்டது. மற்றதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. பத்து முறை அதே அடி வரும்போது, ஒவ்வொரு மரமாகப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள் என்பதும் புரிகிறது. ஒரு மரம் பூத்தால் தற்செயல் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஒன்பது சாட்சிகளும் குயிலும் சேர்ந்து சொன்னால் மறுக்க முடியாது.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. இந்தப் பத்தில் வரும் புங்கும் வேம்பும் மாந்தளிரும் இன்றும் பங்குனி, சித்திரையில்தான் வருகின்றன. புத்தாண்டுப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பதே அதனால்தான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பட்டியல் இன்றைய மரங்களோடு ஒத்துப்போகிறது. இவ்வளவு துல்லியமாக மரங்களைப் பார்த்தவர்கள் கொன்றை விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கொன்றை மீது ஒரு வழக்கு

குறுந்தொகையில் இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, 21ஆம் பாடல். பாடியவர் மேலே சொன்ன அதே ஓதலாந்தையார். பொன்னணி பூண்ட மகளிரின் கூந்தல் போலக் காடெங்கும் கொன்றை புதிதாகப் பூத்திருக்கிறது. தலைவி சொல்கிறாள்:

"கானம் காரெனக் கூறினும்
யானோ தேறேன்அவர் பொய்வழங் கலரே."

காடே 'இது கார்காலம்' என்று கூறினாலும் நான் நம்ப மாட்டேன். அவர் பொய் சொல்லமாட்டார். அவள் முன்னால் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன: பூவின் சொல், அவனுடைய சொல். இரண்டும் முரண்படுகின்றன. அவள் பூவைப் பொய்யாக்கிவிட்டு அவனைக் காப்பாற்றுகிறாள்.

மற்றொன்று, கோவர்த்தனார் பாடிய 66ஆம் பாடல். இங்கே பேசுபவள் தோழி. தவணை முடிந்ததைக் கண்டு தலைவி நொறுங்கியிருக்கிறாள். தோழி கொன்றை மரத்தைப் பழிக்கிறாள்: "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை." இந்தக் கொன்றைகள் அறிவற்றவை. அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. காலமல்லாத காலத்தில் பெய்த "வம்ப மாரியை"க் கார்மழை என்று எண்ணிப் பூத்துவிட்டன.

உரைமரபு இதைத் தோழியின் ஆறுதல் மொழியாகக் கொள்கிறது. பருவம் உண்மையிலேயே வந்துவிட்டது. தலைவியைத் தேற்றுவதற்காகத் தோழி "பருவம் அன்று" என்று வற்புறுத்துகிறாள் என்பது பாட்டின் சூழலைச் சொல்லும் துறைக் குறிப்பு. நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனால் அந்த ஆறுதல் தலைவியின் காதில் ஏன் ஏறும் என்பதைக் கேட்க வேண்டும். மரத்தைக் குறை சொல்வது வெறும் கற்பனை என்றால் அது யாரையும் தேற்றாது. கோடை மழைக்குப் பின் மரங்கள் பருவம் தப்பிப் பூப்பதை அந்த நிலத்துப் பெண்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும். நடக்கக்கூடியது என்பதால்தான் அந்தப் பொய்க்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கிறது.

கொன்றைப் புதிருக்கு விடை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். சித்திரையில் பூக்கும் மரம் எப்படிக் கார்காலத்துப் பூவாயிற்று?

1. சரக்கொன்றையின் முதன்மைப் பூப்பு பங்குனியிலிருந்து ஆனி வரை நீளும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடுகிறது. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்துக் காடுகளில் முதல் மழைமேகம் வரும்போது கொன்றையில் இன்னும் பூ இருக்கும். பொன் கொத்தும் கருமேகமும் ஒருசேரத் தெரிவது உண்மையான காட்சி.

2. கோடையில் பூத்த கொன்றை, மழைக்குப் பிறகு மீண்டும் ஒரு முறை ஆங்காங்கே பூப்பதுண்டு. முதல் பூப்பு போல மரத்தை மூடாது. கண்ணில் படும் அளவுக்கு வரும்.

3. இலக்கண நூல் ஆண்டை இரண்டிரண்டு மாதமாகச் சமமாக வெட்டுகிறது. மழை அப்படி வருவதில்லை. பாடலில் 'கார்' என்றால் நாள்காட்டியின் ஆவணி முதல் தேதி என்று பொருளில்லை. மேகம் இறங்கி மண் நனையும் காலம் என்று பொருள்.

4. தொல்காப்பியமே இந்த நெகிழ்ச்சியை ஒப்புக்கொள்கிறது. "எந்நில மருங்கின் பூவும் புள்ளும்" தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராவிட்டாலும், வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்கிறது.

5. ஒரு முறை முல்லைத் திணையோடு சேர்ந்துவிட்ட கொன்றை, மரபாகவும் நிலைத்துவிட்டது. முல்லைப்பாட்டில் நப்பூதனார் தலைவன் திரும்பும் வழியை நான்கு பூக்களால் வரைகிறார்: காயா மை போல மலர்கிறது, கொன்றை பொன்னைச் சொரிகிறது, கோடல் உள்ளங்கை போல அவிழ்கிறது, தோன்றி குருதி போலப் பூக்கிறது. கருமை, பொன், வெண்மை, செம்மை. அந்த வண்ண வரிசையிலிருந்து பொன்னை மட்டும் எடுத்துவிட எந்தப் புலவருக்கும் மனம் வந்திருக்காது.

ஆக, புலவர்கள் பிழை செய்யவில்லை. மரமும் வேறு மரமாகிவிடவில்லை. கொன்றை இரண்டு பருவங்களின் எல்லையில் நிற்கும் பூ. எல்லையில் நிற்பதால்தான் அதன் சாட்சியத்தை ஏற்கவும் முடிகிறது, மறுக்கவும் முடிகிறது. குறுந்தொகையின் இரண்டு பெண்களும் வேறொரு பூவைக் கொண்டு அந்த வாதத்தை நடத்தியிருக்க முடியாது என்பது என் துணிபு.

மேலே வந்த 'தோன்றி' செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர். ஈழத்தில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மாதத்தோடு இந்தப் பூ பிணைந்துவிட்டது. திரும்பி வருபவனின் வழியில் பூத்த பூ, திரும்பாதவர்களுக்கான பூவும் ஆகியிருக்கிறது. இரண்டிலும் அதன் அடிப்படை ஒன்றே: ஆண்டுதோறும் தன் பருவத்தில் அது மண்ணைப் பிளந்து வந்துவிடுகிறது.

ஒரு நாளுக்குள் நிகழும் பிரிவு

பெரும்பொழுதின் தவணை மாதக் கணக்கு. சிறுபொழுதின் தவணை ஒவ்வொரு மாலையும் வரும். ஆகவே அது கொடியது.

நற்றிணை 187இல் ஔவையார் ஓர் அடியில் மாலையைக் கொண்டுவருகிறார்: "நெய்தல் கூம்ப நிழல்குணக்கு ஒழுக." நெய்தல் குவிகிறது, நிழல் கிழக்கு நோக்கி நீள்கிறது. பகலில் வந்து போன தலைவனின் தேர் இனிக் கண்ணுக்குத் தெரியாது. பூவும் நிழலும் சேர்ந்து மணி காட்டுகின்றன.

மிளைப்பெருங் கந்தனார் குறுந்தொகை 234இல் இந்தக் கணக்கையே உடைத்துவிடுகிறார். வானம் சிவந்து முல்லை மலரும் நேரத்தை மாலை என்பவர்கள் மயங்கியவர்கள். சேவல் கூவும் விடியலும் மாலை. பகலும் மாலை, துணையில்லாதவர்களுக்கு. பூ காட்டும் பொழுது ஊருக்கெல்லாம் பொது. பிரிந்தவளுக்குப் பொழுது ஒன்றே ஒன்றுதான். வெளியே ஓடும் காலமும் உள்ளே நின்றுவிட்ட காலமும் பிரிவதை ஒன்பதுக்கும் குறைவான அடிகளில் சொல்லிவிட்ட பாட்டு இது.

திருக்குறள் இன்னும் ஒரு படி போகிறது.

"காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி
மாலை மலரும்இந் நோய்."

'பொழுது கண்டு இரங்கல்' அதிகாரத்தில் 1227ஆம் குறள். அரும்பு என்பது முளைத்த மொட்டு, போது என்பது விரியும் நிலையில் உள்ள மொட்டு, மலர் விரிந்தது. இங்கே வெளியில் பூ இல்லை. நோயே செடியாகி, நாளுக்கொரு முறை பூக்கிறது. அதற்கு முல்லையின் நேரமே நேரம்.

இளமையும் இறப்பும்

இதுவரை பார்த்தவை வரவேண்டிய ஒருவரைப் பற்றியவை. பூ காட்டும் காலம் காத்திருப்பவளின் உடலிலும் ஓடுகிறது.

ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் குறுந்தொகை 126இல் அதைத் தொடுகிறார். "இளமை பாரார் வளம்நசைஇச் சென்றோர்" என்று தொடங்குகிறாள் தலைவி. இளமையை எண்ணாமல் செல்வத்தை விரும்பிச் சென்றவர் இன்னும் வரவில்லை; எங்கே இருக்கிறாரோ என்று கேட்டு, முல்லையின் கூட்டமான முகைகளைப் பற்களாகக் கொண்டு கார்காலம் சிரிக்கிறது. செல்வம் அடுத்த ஆண்டும் கிடைக்கும். முல்லையும் அடுத்த ஆண்டு பூக்கும். இளமை மட்டும் அந்தச் சுற்றில் இல்லை. சுழன்று வரும் காலமும் நேராகப் போய்விடும் காலமும் ஒரே முற்றத்தில் எதிர்கொள்வதுதான் இந்தப் பாட்டின் வேதனை. இதைப் படித்த பிறகு, "பூ நிலையாமையின் அடையாளம்" என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு போதாதது என்று தெரியும். இந்தப் பாட்டில் பூதான் நிலையானது, நிலையில்லாதவள் அவள்.

அதன் எல்லை புறநானூறு 242. ஒல்லையூர்த் தலைவன் சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது. இளைஞர் சூடமாட்டார்கள், வளையணிந்த மகளிர் கொய்யமாட்டார்கள், பாணன் யாழின் கொம்பால் மெல்ல வளைத்துப் பறித்துச் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள். சாத்தன் மாய்ந்த பின்னும்,

"முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே."

அகப்பாட்டில் தலைவி கொன்றையைப் பொய்யென்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. வரவேண்டியவன் எங்கோ உயிரோடு இருந்தான். இங்கே தப்பிக்க வழியில்லை. ஆகவே புலவர் முல்லையிடமே கேட்டுவிடுகிறார். ஊரே பூ சூடுவதை நிறுத்திவிட்டது. முல்லைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜப்பானில் வேறு கணக்கு

ஒப்பிட்டுப் பார்க்கச் சிறந்த இடம் ஜப்பான். அங்கே சகுரா எனப்படும் செர்ரிப் பூ காலம் கழிவதன் பெரிய அடையாளம். ஆனால் கவனம் அதன் உதிர்தலில் குவிகிறது. 9ஆம் நூற்றாண்டுக் கவி ஓனோ நோ கோமாச்சி, நீள்மழையைப் பார்த்தபடி வீணே பொழுது கழித்ததில் பூவின் நிறம் மங்கிவிட்டது என்று பாடினார். மங்கியது பூவும், அவர் இளமையும். மாசாத்தியாரின் பாட்டோடு சேர்த்துப் படித்தால் வேறுபாடு துலங்கும். கோமாச்சிக்குப் பூ தன்னோடு சேர்ந்து தேய்கிறது. மாசாத்தியாரின் தலைவிக்குப் பூ தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஜப்பானுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கியோட்டோவில் செர்ரி முழுமையாக மலரும் நாள் பற்றிய குறிப்புகள் 812ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. அரசவையினரின், துறவிகளின் நாட்குறிப்புகளில் இருந்தவற்றை யாசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர் தொகுத்தார். 2021இல் மார்ச் 26 அன்று அங்கே பூ முழுமையாக மலர்ந்தது. அதற்கு முன் மிக முந்திய நாள் 1409இல் மார்ச் 27. பூ பார்க்கும் விழாவுக்காக எழுதி வைத்தது பருவநிலை மாற்றத்துக்கான மிக நீண்ட பதிவுகளுள் ஒன்றாகிவிட்டது.

சங்கப் பாடல்களை அப்படிப் பயன்படுத்த முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. காரணம் எளிது: அவற்றில் ஆண்டு இல்லை. இளவேனிற் பத்து எந்த இளவேனிலைப் பாடியது என்று யாரும் சொல்ல இயலாது. எல்லா இளவேனிலையும் பாடியது. மரங்களின் வரிசையை அது தருகிறது, தேதியைத் தருவதில்லை. "சங்ககாலத்தில் கொன்றை ஆவணியில் பூத்தது, இப்போது சித்திரைக்கு வந்துவிட்டது, இதுவே பருவநிலை மாற்றத்துக்குச் சான்று" என்று பரவும் வாதம் ஆகவே நிற்காது.

இன்றைய செய்திகளை எப்படிப் படிப்பது?

1. கொன்றை முந்திப் பூப்பது. மரம் வெப்பத்துக்கும் வறட்சிக்கும் பதில் சொல்கிறது. ஒரே ஓர் ஆண்டின் பூப்பை வைத்து முடிவு கட்ட முடியாது. பல ஆண்டுப் பதிவு வேண்டும். சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் தங்கள் ஊர் மரங்களைத் தொடர்ந்து பார்த்துப் பதிந்துவருகிறார்கள். கியோட்டோவின் நாட்குறிப்பு செய்ததை இவர்கள் இப்போது தொடங்கியிருக்கிறார்கள்.

2. பிளாஸ்டிக் கொன்னைப்பூ. விஷு நாளில் பூ இல்லாமல் போவதால் கடைகளில் செயற்கைக் கொத்துகள் விற்கின்றன. சூழலுக்குக் கேடு என்பது ஒரு பக்கம். எந்த நாளிலும் கிடைக்கும் பூவுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது மறுபக்கம். தவணை சொல்ல அது உதவாது. மார்கழி, தையில் குளிரால் மல்லிகை வரத்து சுருங்கி விலை உச்சிக்குப் போகும்போது, சந்தைக்கு இன்னும் பருவம் நினைவிருக்கிறது என்று எனக்கு ஆறுதலாகவே இருக்கும்.

3. "பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது" என்று ஏறக்குறைய ஆண்டுதோறும் வரும் செய்தி. இதில் பொய் இல்லை, தெளிவுதான் இல்லை. குறிஞ்சியின் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸில் பல இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூப்பவை, சில பல ஆண்டுக்கொரு முறை பூப்பவை. நீலக்குறிஞ்சியிலும் வெவ்வேறு மலைகளின் கூட்டங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பூக்கலாம். மூணாறு மலைகளில் பெரும் பூப்பு 1994, 2006, 2018 ஆண்டுகளில் நிகழ்ந்தது. 2018இல் ஆகஸ்ட் பெருமழை அதைக் கெடுத்தது.

4. குறிஞ்சித் திணைக்குப் புணர்தல் உரியதானது அந்தப் பன்னிரண்டு ஆண்டு அருமையால்தான் என்று மேடைகளில் சொல்வதுண்டு. பாடல்களிலிருந்து அப்படி எடுத்துக்காட்டுவது கடினம். குறுந்தொகை 3ஆம் பாடல் குறிஞ்சிப் பூவிலிருந்து இழைக்கும் பெருந்தேனைத்தான் பேசுகிறது. ஆண்டுக் கணக்கைப் பேசவில்லை. ஆண்டு எண்ணியவர்கள் மலைவாழ் மக்கள். பளியர்கள் குறிஞ்சி பூத்த முறைகளைக் கொண்டு வயதைக் கணக்கிட்டார்கள் என்ற செய்தி உண்டு. ஐந்து குறிஞ்சி கண்டவருக்குக் குறைந்தது நாற்பத்தெட்டு வயதாவது ஆகியிருக்கும்.

மூணாறில் அடுத்த பெரும் பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அது நடக்க வேண்டுமானால், 2018இல் விழுந்த விதைகளிலிருந்து எழுந்த செடிகள் தேயிலையாலும் யூகலிப்டசாலும் காட்டுத்தீயாலும் சுற்றுலாக் கூட்டத்தாலும் அழியாமல் இருக்க வேண்டும். பூக்காத பதினோர் ஆண்டுகளில் அவை வெறும் புதராகத்தான் தெரியும். அவற்றைக் காக்க வேண்டிய காலம் அதுதான்.